மெருகிடாத அடுக்குத் தரைப்பலகையைத் தேர்ந்தெடுத்தல்

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் பணியாற்றும் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் ஒரு பாடம்

மரம் வெட்டப்பட்ட பின்னரும் காற்றோடு அதற்குள்ள உறவு அற்றுப்போவதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் மரம் அதனை உறிஞ்சிப் பருக்கிறது. காற்று வறண்டால் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. ஆடி மாத மழையில் கதவு நிலையோடு இறுகித் திறக்க மறுப்பதையும், பங்குனி வெயிலில் அதே கதவு இடுக்குவிட்டு ஆடுவதையும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கதவாயின் ஓரத்தை இழைப்புளியால் சீவிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஓர் அறையின் தரை முழுவதும் பலகையால் பாவப்பட்டு, அத்தரை பருத்து மேலெழும்பிவிட்டால், சீவிச் சரிசெய்ய இயலாது; பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். பணமும் வீணாகும், மரமும் வீணாகும்.

பள்ளி நூலகம், விருந்தினர் விடுதி, குடியிருப்பு ஆகியவற்றின் தரைக்கு ‘எஞ்சினியர்டு உட்’ என்று கடைகளில் வழங்கும் அடுக்குத் தரைப்பலகை இன்று வாங்கப்படுகிறது. இது இரு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, தொழிற்சாலையிலேயே மெருகு பூசி முடிக்கப்பட்டது. மற்றொன்று, மெருகிடாமல் வெறும் மரமாகவே வருவது. இரண்டாவது வகையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எங்கே அது தகும், எங்கே தகாது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும். இதன் சாரத்தை முதலிலேயே கூறிவிடலாம்: பலகையைப் பார்ப்பதற்கு முன் ஊரின் காற்றைப் பார்க்க வேண்டும்.

இரு மாவட்டங்கள், பல காற்றுகள்

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரண்டும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. ஆயினும் இரண்டும் கிழக்கே தமிழ்நாட்டை எல்லையாகக் கொண்டவை. இரண்டின் எல்லைப் பகுதிகளிலும் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியாகப் பாலக்காட்டுக் கணவாய் அமைந்துள்ளது. வாளையாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்கள் இக்கணவாயின் காற்றுக்கு உட்பட்டவை. மார்கழி, தை, மாசி மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இங்கே பலமாக வீசுகிறது. கோடைப் பகலில் உஷ்ணநிலை 40 டிகிரியை எட்டுவதும் உண்டு. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காற்று திசை மாறி, மேற்கிலிருந்து ஈரத்தைக் கொண்டுவருகிறது. ஆகவே இங்குள்ள மரம் ஓர் ஆண்டுக்குள் நன்றாக உலர்ந்து, பின்னர் நன்றாக நனைகிறது.

இடுக்கியின் நிலை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றிலும், தேவிகுளம், பீர்மேடு முதலிய தேயிலைப் பகுதிகளிலும் பருவமழைக் காலம் முழுவதும் மூடுபனியும் ஈரமும் நிறைந்திருக்கும். ஆனால் மூணாற்றிலிருந்து சாலைவழியே சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே சென்றால், சந்தனக் காடுகளுக்குப் பெயர்பெற்ற மறையூர் வருகிறது. அது மலையின் மழைமறைவுப் பகுதி. அதற்கும் அப்பால் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள சின்னாறு இன்னும் வறண்டது. ஒரே லாரியில் ஏற்றிய பலகையில் பாதியை மூணாற்றிலும் பாதியை மறையூரிலும் இறக்கினால், சில வாரங்களில் அவை அளவால் வேறுபட்ட பலகைகளாகிவிடும்.

மரத்தின் ஈரச் சமநிலை

மரத்திலுள்ள நீரின் எடையை, அம்மரத்தின் முற்றிலும் உலர்ந்த எடைக்கு இத்தனை சதவிகிதம் என்று கணக்கிடுவது வழக்கம். பச்சை மரம் உலரும்போது, சுமார் 25 முதல் 30 சதவிகிதம் வரை இறங்கும் மட்டும் அதன் அளவு குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பமாகிறது.

குறிப்பிட்ட ஈரப்பதமுள்ள காற்றில் மரத்தை நெடுநாள் வைத்திருந்தால், அது கொள்வதும் விடுவதும் இன்றி ஒரு நிலையில் நிற்கும். இதுவே ஈரச் சமநிலை. நம் பகுதிகளின் உஷ்ணநிலையில், காற்றின் ஈரப்பதம் 40 சதவிகிதமாயின் மரத்தில் சுமார் 7.5 சதவிகித ஈரம் நிற்கும். 60 ஆயின் சுமார் 11. 80 ஆயின் சுமார் 16. 90 ஆயின் சுமார் 20 சதவிகிதம் நிற்கும்.

வெளிநாட்டுப் பலகையால் நேரும் சங்கடம் இந்த எண்களில் விளங்கும். அடுக்குத் தரைப்பலகையின் ஈரம் 5 முதல் 9 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரநிலையின் விதி. குளிர்காலத்தில் உள்ளறைகளைச் சூடேற்றி வாழும் நாடுகளுக்கு அது பொருந்தும். அதே பலகையை மூணாற்றில் ஆனி மாதத்தில் பிரித்து வைத்தால், அது ஈரத்தைக் குடித்துப் பருப்பதில் வியப்பில்லை. பலகை தரத்தில் குறைந்ததன்று. அது வேறொரு காற்றுக்கு உலர்த்தப்பட்டது.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 287 இவ்வேறுபாட்டை நன்கு உணர்ந்து எழுதப்பட்டது. காற்றின் ஆண்டுச் சராசரி ஈரப்பதத்தைக் கொண்டு அது நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. சராசரி 67 சதவிகிதத்துக்கு மேற்பட்ட இடங்கள் நான்காவது மண்டலம். அங்கே பொதுக் கட்டடங்களின் பலகைத் தரைக்கு 12 சதவிகிதம் வரை ஈரம் அனுமதிக்கப்படுகிறது. தேயிலைத் தோட்டங்களின் தரைப்பலகைக்கு அத்தரநிலை தனி வரிசை ஒன்றையே ஒதுக்கி, சற்றுக் கூடுதலான ஈரத்தை அனுமதிக்கிறது.

அடுக்குப் பலகை ஏன் குறைவாக அசைகிறது?

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை; குறுக்கு வாக்கிலேயே சுருங்குகிறது. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவிகிதமும், வளையத்துக்குச் செங்குத்தான திசையில் சுமார் 2.5 சதவிகிதமும் சுருங்குகிறது. மற்றப் பல மரங்களோடு ஒப்பிட இது குறைவே. தேக்கின் பெருமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுக்குப் பலகையில் ஓர் ஏட்டின் ரேகை நீளவாக்கிலும் அடுத்த ஏட்டின் ரேகை குறுக்காகவும் அமையுமாறு ஒட்டப்படுகிறது. ஓர் ஏடு விரிய முயலும் திசையில் அடுத்த ஏடு விரிய மறுக்கிறது. ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதால் பலகையின் மொத்த அசைவு சிறிதாகிறது.

ஒரு கணக்கால் இதை விளக்கலாம். 3 மீட்டர் அகலமுள்ள அறையில், 150 மில்லிமீட்டர் அகலமுள்ள பலகைகள் 20 பதிக்கப்படுகின்றன என்று கொள்வோம். தை மாதத்தில் 8 சதவிகிதமாயிருந்த ஈரம் ஆடியில் 15 ஆக உயர்கிறது, மாற்றம் 7. தனித் தேக்குப் பலகை, 1 சதவிகித ஈரத்துக்குச் சுமார் 0.19 சதவிகிதம் அகலத்தில் மாறும். ஆகவே ஒவ்வொரு பலகையும் தடையின்றி விரிந்தால் சுமார் 2 மில்லிமீட்டர் பருக்கும். இருபது பலகையும் சேர்ந்து 40 மில்லிமீட்டர். சுவரோரத்தில் அவ்வளவு இடம் விடுவார் யாருமில்லை. நன்கு செய்த அடுக்குப் பலகையில் இம்மாற்றம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அறை முழுவதற்கும் சுமார் 6 மில்லிமீட்டர் என்று கொள்ளலாம். இது சமாளிக்கக்கூடிய அளவு.

மற்றொரு நன்மையும் உண்டு. 100 சதுர மீட்டர் தரைக்கு 20 மில்லிமீட்டர் கனத் தேக்குப் பலகை போட 2 கன மீட்டர் தேக்கு வேண்டும். மேலேடு மட்டும் 4 மில்லிமீட்டர் தேக்காக இருந்தால் 0.4 கன மீட்டர் போதும். அறுப்பில் தூளாகும் மரத்தை இதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சிய கனத்தை ரப்பர் மரம், தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் போன்ற தோட்ட மரங்களால் நிரப்பலாம். பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளத்தில், 6 மீட்டருக்கும் மேற்பட்ட சுற்றளவுடன் நிற்கும் கன்னிமாராத் தேக்கைக் கண்டவர்க்கு, தேக்கைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியதன் நியாயத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

மெருகிடாத பலகையின் குணமும் குறையும்

மெருகிடாத பலகையின் முதற் குணம், அது தன்னை மறைத்துக்கொள்வதில்லை என்பது. முடிச்சு, வெடிப்பு, உளுத்த துளை, மெழுகால் அடைத்த பள்ளம், வைரத்தோடு கலந்த வெளிறு ஆகியவற்றை வாங்குபவர் கண்ணாலேயே காணலாம். இரண்டாவது குணம், பதித்த பின்னர் தரை முழுவதையும் ஒருசேர இழைத்துச் சமன்செய்ய இயலும் என்பது. பலகைக்குப் பலகை உயரம் சிறிது மாறினாலும் அது மறைந்துவிடும். மூன்றாவது, மெருகு பலகைகளின் இணைப்பின் மேலும் பரவுவதால், சிந்திய நீர் இடுக்கில் இறங்குவது குறைகிறது. நான்காவது, பழைய கட்டடத்தின் ஒரு பகுதியைப் புதுப்பிக்கையில், புதுத் தரையின் நிறத்தைப் பழைய தரையோடு ஒத்துப்போகச் செய்யலாம்.

குறைகளும் உண்டு. வெறும் மரமாதலால் ஈரத்தையும் கறையையும் விரைவில் ஏற்கும். இழைப்பதற்கு இயந்திரமும் பழகிய ஆளும் வேண்டும். வேலை முடிந்து மெருகு உலரும் வரை அறையைப் பல நாட்கள் பூட்டி வைக்க வேண்டும். தொழிற்சாலையில் பூசும் மெருகு, தளத்தில் பூசுவதைவிடப் பெரும்பாலும் கடினமானது. எனவே விடுமுறை கிடைக்காத வகுப்பறைக்கும், குழந்தைகள் மணலோடு நடமாடும் இடத்துக்கும் மெருகிட்ட பலகையே ஏற்றது. இரண்டு வாரம் மூடிவைக்க இயலும் நூலகத்துக்கும் கூடத்துக்கும் மெருகிடாததைக் கருதலாம்.

வாங்குமுன் ஆராய வேண்டிய ஐந்து

முதலாவது, மேலேட்டின் கனம். சந்தையில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்டது முதல் 6 மில்லிமீட்டர் வரை உண்டு. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை அடுக்கு மரத்தரை என்று ஐரோப்பியத் தரநிலை ஏற்பதில்லை. மெருகிடாத பலகையைப் பதித்தவுடனே சமன்செய்வதில் சுமார் அரை மில்லிமீட்டர் போய்விடும். பின்னாளில் ஒவ்வொரு முறை முழுதும் இழைக்கும்போதும் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை போகும். ஆதலால் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த மேலேடுள்ளதை மெருகிடாத வகையில் வாங்குவது சிக்கனமன்று. 4 மில்லிமீட்டர் நன்று. விற்பவர் சொல்லை மட்டும் நம்பாமல், பலகையின் வெட்டுமுனையில் அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். பலகையின் ஓரத்து நாக்குக்கு மேலே எவ்வளவு மரம் உள்ளது என்பதையும் காண வேண்டும். அதுவே தரையின் ஆயுள்.

இரண்டாவது, அடுக்குகளின் சமன். ஏடுகள் 3, 5, 7, 9 என ஒற்றைப்படையாக, நடுவிலிருந்து இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். மேலே கனத்த தேக்கும் கீழே ஒன்றுமில்லாத பலகை, ஈரம் மாறும்போது ஓடுபோல் வளையும். வெட்டுமுனையில் ஏடுகளுக்கிடையே பொந்துகள் தெரியுமானால் அதை விலக்க வேண்டும்.

மூன்றாவது, பசை. நம் நாட்டு ஒட்டுப்பலகையில் எம்.ஆர். என்ற குறி ஈரம் ஓரளவு தாங்குவதையும், பி.டபிள்யூ.ஆர். என்ற குறி கொதிநீரையும் தாங்குவதையும் காட்டுகின்றன. முன்னதில் சாதாரணமாக யூரியா பிசினும், பின்னதில் பீனால் பிசினும் உபயோகிக்கப்படுகின்றன. சோதனைக்கூடத்தில் முன்னது 60 டிகிரி நீரில் 3 மணி நேரமும், பின்னது கொதிநீரில் 8 மணி நேரமும் சோதிக்கப்படுகிறது. இடுக்கி மலைப்பகுதிக்குப் பின்னதன் தரத்துக்குக் குறைந்த பசை உதவாது. பசையிலிருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைடு வாயு கண்ணையும் மூச்சையும் உறுத்தக்கூடியது. ஆகையால் ஈ-1 அல்லது அதனினும் குறைந்த வெளியீட்டு வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

நான்காவது, மரவினம். மேலேட்டுக்குத் தேக்கு அசைவு குறைந்தது. ஈட்டி அதனினும் கடினமானது, ஆனால் அரிதாகிவிட்டது. 2017 முதல் அது பன்னாட்டு வர்த்தகக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டுள்ளது. தேக்காயினும் ஈட்டியாயினும், வனத்துறை அனுமதிச் சீட்டோடு வந்த மரமா என்பதைக் கேட்டறிவது வாங்குபவரின் கடமை. ரப்பர் மரம் நல்ல நடு அடுக்கு. ஆனால் அதில் மாச்சத்து மிகுதி. போரான் உப்புகளால் பக்குவப்படுத்தாவிடில் துளைக்கும் வண்டு அதை விரைவில் உளுக்கச் செய்துவிடும். பக்குவப்படுத்தியதற்கு எழுத்துமூலச் சான்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது, பலகையின் ஈரம். இதை ஈரமானியால் அளக்கலாம். இல்லையேல் பின்னர் கூறும் எடைமுறையால் அறியலாம். இதை அறியாமல் மற்ற நான்கையும் அறிந்து பயனில்லை.

அடித்தளமும் பருவமும்

புதிதாகப் போட்ட சிமெண்டுத் தளம் பார்வைக்கு உலர்ந்திருப்பினும் உள்ளே ஈரம் கொண்டிருக்கும். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் வழங்கும் ஏகதேசக் கணக்கு. மலையின் மழைக்காலத்தில் அதுவும் போதாது. சோதிக்க எளிய வழி உண்டு. 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள கனத்த பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, 16 மணி நேரம் விட வேண்டும். பின்னர் தூக்கிப் பார்த்தால், அடியில் நீர்த்துளி தெரிந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ பலகை பதிக்கக் கூடாது.

தேயிலைத் தோட்டங்களின் பழைய பங்களாக்கள் சிலவற்றில், பலகைத் தரையை மண்ணிலிருந்து உயர்த்தி, அடியில் காற்றோட்டம் விட்டு அமைத்திருப்பதைக் காணலாம். ஈரமும் கரையானும் நேரே மரத்தை அடையாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. இக்காலத்துச் சிமெண்டுத் தளத்தில் அவ்விடைவெளி இல்லை; எனவே ஈரத்தடுப்புத் தாளும், கட்டடத்துக்குக் கரையான் தடுப்பும் அதன் வேலையைச் செய்ய வேண்டும்.

பலகை வந்து சேர்ந்ததும் உடனே பதித்தலாகாது. கதவும் சன்னலும் பொருத்தி, பூச்சு உலர்ந்த அறையில், இடையிடையே குச்சி வைத்து, இரு முகத்திலும் காற்றுப்படுமாறு அடுக்க வேண்டும். ஒரு பலகையை நாள்தோறும் நிறுத்து வர வேண்டும். எடை மாறாமல் நின்ற நாளே அது அவ்வூர்க் காற்றோடு சமாதானமான நாள்.

எப்போது பதிப்பது? கணவாயின் தை மாதக் காற்றில் இறுக்கிப் பதித்தால் ஆடியில் பருக்கும். ஆடியில் பதித்தால் மாசியில் இடுக்குவிடும். ஆகவே ஆண்டின் இரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட ஈரத்தில் மரம் நிற்கும் பருவமே நன்று. எப்போது பதித்தாலும் சுவரோரம் சுற்றிலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் விட்டு, அதை ஓரச்சட்டத்தால் மறைக்க வேண்டும். இயந்திரத்தால் இழைக்கப்போவதால், மெருகிடாத பலகையைத் தளத்தோடு ஒட்டியோ ஆணியால் அறைந்தோ நிலைநிறுத்த வேண்டும். மிதவையாகப் பதித்தால் இழைக்கும்போது அசையும்.

மெருகிடும்போது

முரட்டு உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக நுண்ணிய தாளுக்குச் செல்ல வேண்டும். இடையில் ஒரு படியைத் தாண்டினால் முந்திய கீறல் மெருகின் கீழே தெரியும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. மெருகு உலர அது தடையாகக் கூடும். ஆகவே ஒரு மூலையில் சிறிது பூசிப் பார்த்த பின்னரே முழுதும் பூச வேண்டும். இழைத்த தரையை நாட்கணக்கில் வெறுமனே விட்டுவைக்கக் கூடாது. மழை பெய்யும் நாளில் மெருகு பூசுவதும் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள் முக்கியமானவை. மரத்தூளை நெடுங்காலம் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகலாம். இழைப்பவர் முகமூடி அணிதல் வேண்டும். ஆளி எண்ணெய் போன்ற உலரும் எண்ணெயில் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால், தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். அதை நீரில் நனைத்தோ தனித்தனியாக விரித்துப்போட்டோ அகற்ற வேண்டும்.

எங்கே மரத்தரை வேண்டாம்?

மழைச்சாரல் அடிக்கும் திண்ணை, சமையலறை, குளியலறை வாயில், வெள்ளம் புகும் தாழ்வான வீடு, அடியிலிருந்து ஈரம் ஏறும் தளம் ஆகிய இடங்களில் எந்த மரத்தரையும் நிலைக்காது. அங்கே காவியிட்ட சிமெண்டுத் தரையே தகும். குடியிருப்போர் மரத்தரையை விரும்பிக் கேட்டாலும், அதைத் தெளிவாகச் சொல்லித் தடுப்பது களப்பணியாளரின் கடமைகளுள் ஒன்று.

பள்ளிக்கேற்ற செய்முறை

வெட்டில் மிஞ்சிய பலகைத் துண்டு ஒன்றை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. அதை 103 டிகிரி உஷ்ணமுள்ள சோதனைக்கூட அடுப்பில் உலர்த்தி, எடை மாறாத நிலை வரும் வரை மீண்டும் மீண்டும் நிறுத்துப் பார்க்க. முதல் எடை 62.4 கிராம், இறுதி எடை 55.7 கிராம் என்று கொள்வோம். போன நீர் 6.7 கிராம். இதை 55.7 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் ஈரம் சுமார் 12 சதவிகிதம் என்று வரும்.

மற்றொரு துண்டை ஆசிரியர் மேற்பார்வையில் 8 மணி நேரம் கொதிநீரில் வைத்துப் பார்க்க. ஏடுகள் பிரிந்துவிட்டால் பசை மலைப்பகுதிக்கு ஏற்றதன்று. இது சோதனைக்கூட ஆய்வுக்கு ஈடாகாதெனினும், மோசமான சரக்கைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவதாக, உலர்குமிழ்–ஈரக்குமிழ் வெப்பமானியால் பள்ளியின் காற்று ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்து வருக. ஓராண்டு முடிந்ததும் அக்குறிப்பேடு, அவ்வூரில் மரத்தால் கதவோ தரையோ செய்ய விரும்பும் ஒவ்வொருவருக்கும் பயன்படும் ஏடாகிவிடும். கடையில் கிடைக்கும் எந்தப் பட்டியலிலும் அந்த எண்கள் இரா.

வினாக்கள்

1. காற்றின் ஈரப்பதம் 60 சதவிகிதமாயின் மரத்தில் நிற்கும் ஈரம் சுமார் எவ்வளவு? 80 ஆயின் எவ்வளவு?
2. ஏடுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டியது ஏன்?
3. மூணாற்றுக்கும் மறையூருக்கும் ஒரே பலகையை வாங்கினால், பதிக்குமுன் ஒவ்வோர் ஊரிலும் என்ன செய்வீர்?
4. உங்கள் பள்ளியில் மரத்தரைக்கு ஏற்ற அறை எது, ஏற்காத அறை எது? காரணம் கூறுக.